வெளியிலேயே பார்ப்போம்

சென்னைக்கு வந்து விடுதி அறைகளில் தங்கி வேலை தேடிக்கொண்டிருக்கும் தங்கைகளுக்கு,

முன்பின் அறியாத ஒருவர் போனில், "அட்ரஸ் அனுப்புறேன், வீட்டுக்கே வந்துடுங்களேன், உட்கார்ந்து பேசிக்கலாம்" என்கிறார். உங்களுக்குப் போக விருப்பமில்லை. மறுத்தால் தவறாக நினைத்துக்கொள்வாரோ, கைக்கு எட்டிய வேலை போய்விடுமோ என்று தயங்கி, "சரிங்க சார்" என்று சொல்லிவிடுகிறீர்கள். அந்தச் "சரிங்க சார்" இனி உங்கள் வாயில் அவ்வளவு சுலபமாக வரக்கூடாது என்பதற்காகவே இந்த மடலை எழுதுகிறேன்.

இந்த ஊரில் டியூஷன் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவள் நான். பிறகு மொழிபெயர்ப்பும் மெய்ப்புத் திருத்தமும் தொழிலாயின. இப்போது என்னிடம் வேலை பழக வரும் பெண்கள் சம்பளத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன்பே, "வீட்டுக்குக் கூப்பிடறாரு அக்கா, என்ன சொல்லட்டும்?" என்று கேட்கிறார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குக் கணக்கு, ஒரு பெரியவரின் தன்வரலாற்றைத் தட்டச்சு செய்வது, குறும்படத்துக்குப் பின்னணிக் குரல், பழைய லேப்டாப் வாங்குவது, வாடகைக்கு அறை பார்ப்பது என்று எதைத் தொட்டாலும் முதல் சந்திப்பு யாராவது ஒருவர் வீட்டில் என்றே முடிகிறது. அலுவலகம் வைத்து நடத்தும் அளவுக்கு இவை பெரிய தொழில்கள் அல்ல. ஆகவே கூப்பிடுகிறவர்களில் பெரும்பாலோர் நல்லவர்கள், வேறு இடம் இல்லாததால் கூப்பிடுகிறார்கள். இதை நான் மனமார நம்புகிறேன். நல்லவர்களிடம் மறுப்பது எப்படி என்று தெரிந்தால்தான் மற்றவர்களிடமும் மறுக்க முடியும்.

நமக்கு இது ஏன் இவ்வளவு கடினமாக இருக்கிறது? நாம் வளர்ந்த வீடுகளில் வாசலில் நிற்பவரைப் பார்த்ததும் வருகிற முதல் சொல் "உள்ள வாங்க". கூப்பிட்டும் வராதவர்களைப் பற்றி அன்று சாயங்காலம் என்ன பேசுவார்கள் என்பதும் நமக்குத் தெரியும். "நம்ம வீட்டுல ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டாங்களாம்!" யார் வீட்டுக்குள் யார் போகலாம், யார் திண்ணையோடு நிற்க வேண்டும், யார் கைத் தண்ணீரை யார் குடிக்கலாம் என்று நம் ஊர்களில் சாதி போட்டுவைத்த கணக்கு அந்தப் பேச்சுக்குப் பின்னால் இருக்கிறது. வாசலோடு நிறுத்தப்பட்ட குடும்பத்திலிருந்து படித்து வந்த பெண்ணுக்கு, நகரத்தில் ஒரு பெரிய மனிதர் "உள்ளே வாம்மா" என்றால் அது மரியாதையாகத் தோன்றுவது இயற்கை. கூப்பிடுகிறவரும் தன் தாராள மனசின் அடையாளமாகவே கூப்பிடலாம். இத்தனை சுமையும் ஏறி உட்கார்ந்திருப்பதால்தான் "வேண்டாம்" என்ற சொல் நாக்கிலிருந்து எழ மறுக்கிறது. நீங்கள் கோழை என்பதால் அல்ல.

அதனால் பெண்கள் பொதுவாகச் சாக்குச் சொல்கிறார்கள். "உடம்பு சரியில்லை" என்றால் "சரியானதும் வாங்க" என்று பதில் வரும். "இன்னொரு நாள் வர்றேன்" என்பது வாக்குறுதி ஆகிவிடுகிறது. இரண்டு வாரம் கழித்து, "வர்றேன்னு சொன்னீங்களே" என்று உரிமையோடு கேட்பார்கள், அப்போது மறுப்பது முன்னைவிடப் பெரிய பாடு. "அப்பா விட மாட்டார்" என்பது நம் பெண்கள் அதிகம் கையாளும் சாக்கு. ஆபத்தான இடத்தில் எந்தச் சாக்கும் சொல்லலாம், பொய்யும் சொல்லலாம், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் தொழில் பேசும் இடத்தில் அப்பாவை முன்னால் நிறுத்தினால், "நம்பர் கொடும்மா, அப்பாகிட்ட நானே பேசறேன்" என்பார்கள். அதற்குப் பிறகு முடிவு இரண்டு ஆண்களுக்கு நடுவில் நடக்கும். உங்கள் கூலியைப் பேச வந்தவர் நீங்கள். எங்கே வருவது, எங்கே வராமலிருப்பது என்பதையும் நீங்களே சொல்லிப் பழகுங்கள்.

நான் சொல்லும் பதிலை அப்படியே தருகிறேன், உங்கள் பேச்சுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

"கூப்பிட்டதுக்கு ரொம்ப நன்றிங்க. முதல் தடவை யாரையும் வீட்டுல போய்ப் பார்க்கற வழக்கம் எனக்கு இல்லைங்க. சனிக்கிழமை காலையில பதினோரு மணிக்குக் கோட்டூர்புரம் லைப்ரரியில பார்க்கலாமா? உங்களுக்கு அது தூரம்னா உங்க வீட்டுப் பக்கத்துல நல்ல ஓட்டல் ஒண்ணு சொல்லுங்க, நான் வந்துடறேன்."

இதில் அவரைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை என்பதைக் கவனியுங்கள். சந்தேகம் என்றோ பயம் என்றோ சொல்லவில்லை. யாராக இருந்தாலும் இதே பதில் என்று தெரிவதால் நல்லவர் மனம் புண்படக் காரணம் கிடையாது. காரணம் சொன்னால் அதற்குப் பதில் தயாராக இருக்கும். தூரம் என்றால் வண்டி அனுப்புவார், நேரமாகிவிடும் என்றால் சீக்கிரம் வரச் சொல்வார். வழக்கம் என்று சொன்னால் விவாதிக்க ஒன்றும் மிஞ்சாது. சொன்ன கையோடு இடம், கிழமை, நேரம் மூன்றையும் நீங்களே முன்வையுங்கள். வெறுமனே மறுத்துவிட்டு மௌனமானால் அவருக்கு அவமானமாகப் படலாம். மாற்று இடம் சொன்னால் பேச்சு வேலையை நோக்கித் திரும்பிவிடும். போன் வைத்ததும் அதையே வாட்ஸ்ஆப்பில் இரண்டு வரியாக அனுப்பிவிடுங்கள்: "பேசினபடி சனிக்கிழமை 11 மணி, லைப்ரரி வாசல்." பின்னால் மாற்றிப் பேசினால் எழுத்து இருக்கும்.

இடம் என்றதும் குளிர்பதன வசதியுள்ள காபிக் கடைகளை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு காபிக்கு இருநூறு ரூபாய் கொடுக்கும் நிலையில் நீங்கள் இருக்க மாட்டீர்கள், அந்தப் பணத்தை அவர் கொடுத்தால் அதுவும் ஒரு கடன்போல உறுத்தும். 2010இல் திறந்த கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், எழும்பூரில் கன்னிமாரா, அண்ணா சாலையில் தேவநேயப் பாவாணர் நூலகம் எல்லாம் நம்முடையவை. காவலாளி இருக்கிறார், கழிப்பறை இருக்கிறது, பெண்கள் நிறைய இருக்கிறார்கள். மதுரைக்காரர்களுக்கு 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. வாசலில் சந்தித்து, அங்குள்ள உணவகத்திலோ எதிரிலிருக்கும் டீக்கடையிலோ அரைமணி நேரம் பேசினால் எந்த வேலையையும் பேசி முடித்துவிடலாம். மெட்ரோ ரயில் நிலையங்களும் நல்ல இடமே. கேமரா இருக்கிறது, திரும்பிப் போக வண்டியும் அங்கேயே இருக்கிறது.

மறுத்த பிறகு வருகிற பதிலைக் கூர்ந்து கேளுங்கள். ஒருவரைப் பற்றி முதல் ஐந்து நிமிடத்தில் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. "ஆமாம்மா, அதுவும் சரிதான், நான் யோசிக்கலை" என்று உடனே ஒத்துக்கொள்பவரோடு வேலை செய்யலாம். "என்னைப் பார்த்தா எப்படித் தெரியுது?", "நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?", "நான் உன் அப்பா மாதிரி", "இதுக்கே இப்படின்னா நீ எப்படி முன்னுக்கு வருவே?" என்று வந்தால் பேச்சு வேலையை விட்டு விலகிவிட்டது. உங்கள் எல்லையை அவருடைய கௌரவப் பிரச்சினையாக மாற்றுகிறார். அதற்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. "மன்னிச்சுக்கங்க சார், வழக்கம் இல்லை" என்று முதல் வரியையே அதே குரலில் திரும்பச் சொல்லுங்கள். மூன்றாவது முறையும் வற்புறுத்தினால் அந்த வேலையை விட்டுவிடுங்கள். வாடகைக்குப் பணம் இல்லாத மாதத்தில் இப்படிச் சொல்வது எவ்வளவு கொடுமை என்று எனக்குத் தெரியும், தெரிந்தேதான் சொல்கிறேன். "வீட்டுல மிஸஸ் இருக்காங்க" என்பார் சிலர். "ரொம்ப சந்தோஷம், அவங்ககிட்ட போனைக் கொடுங்களேன், ஒரு நிமிஷம் பேசறேன்" என்று அன்பாகக் கேளுங்கள். இருந்தால் கொடுப்பார்.

இன்னொன்று, கடைசி நேரத்தில் இடம் மாறுவது. ஓட்டலில் சந்திப்பதாகப் பேச்சு. நீங்கள் பஸ்ஸில் பாதி வழி வந்ததும், "கொஞ்சம் முதுகு வலி, வீடு பக்கத்துலதான், ஏறி வந்துடுங்க" என்று போன் வரும். பாதி வழி வந்துவிட்ட பிறகு திரும்பிப் போக மனசு வராது. செலவழித்த பஸ் காசும் பாதி நாளும் உங்களை அந்த மாடிப்படியை நோக்கித் தள்ளும். இறங்கிக்கொள்ளுங்கள். தெருவில் நின்றபடியே, "நான் கீழ மெயின் ரோட்டுல நிக்கறேன் சார், முடிஞ்சா இறங்கி வாங்க, இல்லைன்னா உடம்பு சரியான பிறகு வேற நாள் ஓட்டலிலேயே பார்க்கலாம்" என்று சொல்லுங்கள். அரை நாள் போனால் போகட்டும்.

சரி, உண்மையிலேயே வெளியே வர முடியாதவர்கள் இருக்கிறார்களே? எண்பது வயதுக்காரர், சக்கர நாற்காலியில் இருப்பவர், கைக்குழந்தைக்காரி. இவர்களையும் ஒரே சொல்லில் தள்ளிவிட எனக்கு மனம் ஒப்பவில்லை. இவர்களிடமிருந்து வருகிற வேலை பெரும்பாலும் நல்ல வேலை. முதலில் வீடியோ அழைப்பில் பேசுங்கள். வீட்டிலுள்ள இன்னொருவரிடம், முடிந்தால் ஒரு பெண்ணிடம், பேசுங்கள். ஏற்கெனவே அவரிடம் வேலை செய்தவர் யாராவது இருந்தால் அவரை விசாரியுங்கள். பிறகு ஒரு தோழியோடு போங்கள், வருவது இரண்டு பேர் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். டியூஷனுக்கும் இதே முறைதான். பிள்ளையின் தாயைப் பள்ளிக்கூட வாசலில் மணி அடிக்கும் நேரத்தில் பார்த்தால் பிள்ளையையும் சேர்த்துப் பார்த்துவிடலாம். பாடம் நடப்பது கூடத்தில், கதவு திறந்தபடி, தாயோ பாட்டியோ வீட்டில் இருக்கும் நேரத்தில் என்று முதல் நாளே பேசிவிடுங்கள். நல்ல தாய் இதைக் கேட்டு உங்கள்மேல் கூடுதல் மதிப்பு வைப்பாள், அவளுடைய பிள்ளைக்கும் அதுவே பாதுகாப்பு.

அந்நியர்தான் ஆபத்து, தெரிந்தவர் பத்திரம் என்று நான் சொல்வதாக எண்ணிக்கொள்ளாதீர்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகளைப் பார்த்தால், பதிவான பாலியல் வல்லுறவு வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் குற்றம் சாட்டப்பட்டவர் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தவராகவே இருக்கிறார். இதை வைத்து, "பார், அந்நியரால் ஆபத்தே இல்லை" என்று வாதிடுகிறவர்கள் உண்டு. ஆனால் அந்த அறிக்கைகளின் அட்டவணையில் "தெரிந்தவர்" என்ற தலைப்புக்குள் உறவினர், அயல்வீட்டாரோடு வேலை கொடுப்பவர், இணையத்தில் அறிமுகமான நண்பர் ஆகியோரும் அடக்கம். ஒரு வாரம் போனில் பேசிப் பழகியவர், வேலை தருவதாகச் சொன்னவர் எல்லாம் கணக்கெடுப்பில் தெரிந்தவர்கள்தாம். நாலு நாள் இனிமையாகப் பேசியதால் ஒருவரை நமக்குத் தெரிந்துவிடாது. அதனால்தான் முதல் சந்திப்புக்கு இவ்வளவு சொல்கிறேன்.

நடிப்பு, டப்பிங் என்று அலைகிறவர்கள் இன்னும் ஒருபடி கவனமாக இருக்க வேண்டும். மலையாளத் திரையுலகில் பெண்களின் நிலையை ஆராயக் கேரள அரசு 2017இல் நீதிபதி ஹேமா தலைமையில் அமைத்த குழு, 2019 இறுதியில் அறிக்கை கொடுத்தது. 2024 ஆகஸ்டில்தான் அது வெளியே வந்தது. வாய்ப்புத் தேடி வரும் பெண்ணுக்கு அங்கே முதலில் பழக்கப்படுத்தப்படும் சொற்கள் "அட்ஜஸ்ட்மென்ட்", "காம்ப்ரமைஸ்" என்று அந்த அறிக்கை எழுதியிருக்கிறது. நம் கோடம்பாக்கத்துக்கு அது அந்நிய பாஷை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். குரல் தேர்வு நடக்க வேண்டிய இடம் ஒலிப்பதிவுக்கூடம், நடிப்புத் தேர்வுக்கு அலுவலகம் இருக்கும், ஒருங்கிணைப்பாளர் இருப்பார், உங்களைப்போல் இன்னும் நாலு பேர் காத்திருப்பார்கள். வீட்டில் தனியாக ஆடிஷன் என்றால் போகாதீர்கள்.

சில வேலைகளில் வீட்டுக்குப் போவதே வேலை. கிராம சுகாதாரச் செவிலியர், செயலி வழியாக அழகுக்கலை வேலைக்குப் போகும் பெண்கள், முதியோரைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர்கள். இவர்களிடம் போய் "வெளியில் சந்தியுங்கள்" என்று சொல்வது அர்த்தமற்றது. இவர்களுக்காக நான் கேட்பது அனுப்புகிறவர்களிடம். வாசலில் நின்று பார்த்துவிட்டுச் சரியில்லை என்று திரும்பி வருகிற பெண்ணின் கூலியை வெட்டாதீர்கள், மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள், அவளுடைய கணக்கை முடக்காதீர்கள். திரும்பி வரும் உரிமை காகிதத்தில் மட்டும் இருந்து, அதைப் பயன்படுத்தினால் அன்றைய சோறு போகும் என்றால் அது உரிமையே ஆகாது.

வீட்டுக்கு அழைக்கிறவர்களும் இதைப் படிக்கக்கூடும். ஐயா, அம்மா, வேலைக்கு ஒரு பெண்ணைக் கூப்பிடும்போது நீங்களே முதலில், "எங்க வசதியா இருக்கும்னு நீங்களே சொல்லுங்க" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அவளுக்கு எவ்வளவு பாரம் குறையும் என்று உங்களுக்குத் தெரியாது. அவள் மறுத்தால் அது உங்கள் நேர்மையின் மீது வைத்த குற்றச்சாட்டு அல்ல. உங்கள் சொந்த மகள் வேறொரு ஊரில் இதே பதிலைச் சொல்ல வேண்டும் என்றுதானே விரும்புவீர்கள்?

இனி, எங்கே போகிறோம் என்று சொல்லிவிட்டுப் போவது. 1986 ஜூலை 28ஆம் தேதி லண்டனில், வீடு விற்றுத்தரும் நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்த சூஸி லாம்ப்ளூ என்ற 25 வயதுப் பெண், ஒரு வாடிக்கையாளருக்கு வீடு காட்டப் போனார். நாட்குறிப்பில் "மிஸ்டர் கிப்பர்" என்று ஒரு பெயரும் தெருவும் எழுதியிருந்தது. சூஸி திரும்பவில்லை. இன்றுவரை உடல்கூடக் கிடைக்கவில்லை. அந்தக் கிப்பர் யார் என்று சொல்ல யாரிடமும் ஒன்றும் இருக்கவில்லை. சூஸியின் பெற்றோர் அதே ஆண்டு மகள் பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள். தனியாகப் போய் வேலை செய்பவர்களின் பாதுகாப்புக்காக அது இன்றும் பாடுபடுகிறது. பெயர் மட்டும் எழுதிவைத்தால் போதாது என்பதை நாம் இதிலிருந்து எடுத்துக்கொள்வோம். பார்க்கப்போகிறவரின் போன் எண், அடையாள அட்டை அல்லது அவருடைய படம், இடம், திரும்பும் நேரம் நான்கும் இன்னொருவரிடம் இருக்க வேண்டும். அறைத் தோழியோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள். சொன்ன நேரத்துக்கு அரைமணி தாண்டினால் அவள் கூப்பிட வேண்டும், எடுக்காவிட்டால் அவசர உதவி எண் 112க்கு அழைக்க வேண்டும். வார்டனிடம் சொல்லச் சொல்லவில்லை நான். பல விடுதிகளில் வார்டனிடம் சொன்னால் பாதுகாப்புக்குப் பதில் நடத்தைச் சான்றிதழ்தான் கிடைக்கும். உங்களுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் தெரிந்திருந்தும் ஒரு நாள் நீங்கள் போய்விடலாம். பசி, அவசரம், அவர்மேல் வைத்த நம்பிக்கை, எதனாலாவது போய்விடலாம். அங்கே தகாதது நடந்தால், "நீயாத்தானே போனே?" என்று கேட்பவர்கள் முதலில் உங்கள் வீட்டிலேயே இருப்பார்கள். அந்தக் கேள்விக்குச் சட்டத்தில் இடமில்லை. உடலால் எதிர்த்துப் போராடவில்லை என்பதை மட்டும் வைத்துச் சம்மதம் என்று கொள்ளக்கூடாது என்று குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆவது பிரிவு சொல்கிறது. ஓட்டல் அறைக்குள் ஒரு பெண் சேர்ந்து சென்றதையே சம்மதமாகக் கொள்ள முடியாது என்று பம்பாய் உயர்நீதிமன்றத்தின் கோவா அமர்வு 2024இல் சொல்லியிருக்கிறது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், பணியிடம் என்பதற்குள் குடியிருக்கும் வீட்டையும், வேலை நிமித்தமாகப் போகும் இடங்களையும் சேர்த்திருக்கிறது. பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடமென்றாலும், முதலாளியே துன்புறுத்தியவர் என்றாலும், மாவட்டத்திலுள்ள உள்ளூர்க் குழுவிடம் புகார் கொடுக்கலாம். மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிப்பார்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் கேளுங்கள், அல்லது பெண்கள் உதவி எண் 181க்கு அழையுங்கள், பகலோ இரவோ எடுப்பார்கள். போகும்போது அந்த வாட்ஸ்ஆப் செய்திகளை அழிக்காமல் எடுத்துப் போங்கள். தனியாகப் போக வேண்டாம், கூட வர ஒருத்தியைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா